அப்பாவின் முகமும் தலைநகரின் குளிரும்



வடநாட்டு நகரங்களில் குடியேறிய நம்மவர் வீடுகளில், குளிர்காலம் வந்துவிட்டதை நாட்காட்டி பார்த்து அறிய வேண்டியதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தேங்காயெண்ணெய் உறையத் தொடங்கும். தில்லியில் நவம்பர் மாதத்திலேயே அது வெண்ணெய்க் கட்டிபோலாகிவிடும். அதைக் கண்டவுடன் நாம் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரையும் ரஜாயையும் வெளியே எடுக்கிறோம். உடம்பின் எல்லாப் பகுதியையும் மூடிக்கொள்கிறோம். முகம் மாத்திரம் வெளியே நிற்கிறது. ஆண்களாகிய நாமோ அந்த முகத்தின்மேல் காலைதோறும் கத்தியையும் வைக்கிறோம்.

முகச்சவரம் செய்வதைப்பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கக்கூடும். நானும் ஒருகாலத்தில் அப்படி நகைத்தவனே. இரண்டு குளிர்காலங்கள் எனக்குப் பாடம் கற்பித்தன. முதலாவது குளிர்காலத்தில் துன்பப்பட்டது என் முகம். இரண்டாவதில் துன்பப்பட்டது என் தகப்பனாரின் முகம். பின்னதை நினைக்கும்போது இன்றும் என் கை சற்றே தயங்குகிறது.

மொட்டைமாடி அறையில் ஒரு சனவரி

1997 டிசம்பரில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தகரப் பெட்டியோடு தில்லி வந்து சேர்ந்தேன். ஒரு தங்கும் விடுதியின் வரவேற்புப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. முனிர்க்காவில், மொட்டைமாடியிலே கட்டிய 'பர்சாத்தி' என்னும் ஒற்றை அறையில் குடியிருந்தேன். அறைக்கு வெளியே தண்ணீர்த்தொட்டி. இரவெல்லாம் பனியில் நின்ற அந்தத் தொட்டியின் நீரைக் காலை ஐந்து மணிக்குத் தொட்டால் விரல்கள் மரத்துப்போகும். வாளியில் போட்டு நீரைச் சூடாக்கும் 'ராடு' ஒன்று என்னிடம் இருந்தது. ஆனால் மின்கட்டணத்தை நினைத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். ஆகையால் குளிப்பதற்கு மட்டும் வெந்நீர், சவரத்திற்குத் தண்ணீரே போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் விடுதியின் ஒழுங்கு கண்டிப்பானது. வரவேற்பில் நிற்பவனுடைய முகத்தில் ஒருநாள் முடிகூட இருத்தலாகாது. நானோ பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் குளிர்ந்த நீரை வாரி அடித்து, சோப்பைத் தேய்த்து, மூன்றே நிமிடத்தில் முகத்தை மழித்துவிடுவேன். வழவழப்பாக வேண்டும் என்பதற்காக, முடி வளரும் திசைக்கு எதிராகவும் இரண்டு தடவை இழுப்பேன். அதன்மேல் சாராயச்சத்து மிகுந்த சவரநீரைத் தெளிப்பேன். அந்த எரிச்சலைச் சுத்தத்தின் அடையாளம் என்று நம்பினேன்.

சனவரி பிறந்தபோது என் கன்னங்கள் உப்புத்தாள்போலாயின. வாயின் ஓரங்களில் வெடிப்பு, கழுத்தில் சிவந்த பருக்கள், சிரித்தால் தோல் இழுக்கும். மேற்பார்வையாளர் என்னை அழைத்து, "இந்த முகத்தோடு விருந்தினர் முன் நிற்கலாகாது, குணமாகும்வரை பின்கட்டில் பெட்டிகளை எண்ணும்" என்றார். வேலையில் சேர்ந்து ஆறு வாரமே ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகவில்லை. தங்கையின் படிப்புக்குப் பணம் அனுப்ப வேண்டியவன் நான். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

மறுநாள் ஒரு மருந்துக் கடையில் முகத்தைக் காட்டினேன். கடைக்காரர் ஒரு களிம்பைக் கொடுத்தார். நான்கே நாளில் சிவப்பு மறைந்தது. மகிழ்ச்சியோடு அதைத் தினந்தோறும் பூசினேன். களிம்பை நிறுத்தியவுடன் முன்னிலும் அதிகமாய் முகம் எரிந்து சிவந்தது. இறுதியில் அரசு மருத்துவமனையொன்றின் தோல்நோய்ப் பிரிவுக்குப் போனேன். அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்றும், மருத்துவரின் மேற்பார்வையின்றி நாட்கணக்காய் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து அதற்கு அடிமைப்பட்டுவிடும் என்றும் அங்கிருந்த மருத்துவர் விளக்கினார். (இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் மைய அரசு ஆணை பிறப்பித்தது. ஆயினும் கேட்டால் கொடுத்துவிடும் கடைகள் இன்றும் உண்டு. வாசகர்கள் எச்சரிக்கையாயிருப்பார்களாக.)

தோலும் காற்றும்

அந்த மருத்துவர் அன்று பொறுமையோடு சொல்லித் தந்தவற்றையும், பின்னாளில் நான் படித்து அறிந்தவற்றையும் சுருக்கமாய்த் தருகிறேன்.

நம் தோலின் வெளியடுக்கு, எழுதும் தாளைவிட மெல்லியது. உயிரற்ற செல்கள் செங்கற்களைப்போலவும், அவற்றிடையே உள்ள கொழுப்பு சாந்தைப்போலவும் அமைந்த ஒரு சுவர் அது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாதபடி காப்பதும், கிருமிகள் உள்ளே நுழையாதபடி தடுப்பதும் அந்தச் சுவரே. சவரக்கத்தி முடியை மட்டும் வெட்டுவதில்லை; ஒவ்வோர் இழுப்பிலும் இந்தச் சுவரின் மேற்பகுதியையும் சிறிது சுரண்டி எடுத்துவிடுகிறது. சாதாரண காலத்தில் தோல் அதைத் தானே சரிப்படுத்திக்கொள்ளும். குளிர்காலத்திலோ எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. பழுதுபார்க்கும் வேலையும் மந்தமாகிறது.

தில்லியில் சனவரிக் காலையில் எங்கும் மூடுபனியல்லவா, காற்றில் ஈரம் மிகுதியல்லவா என்று கேட்கத் தோன்றும். குளிர்ந்த காற்றால் மிகுந்த நீராவியைத் தாங்க இயலாது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் 7 கிராமுக்கும் குறைவாகவே தாங்கும். அந்தக் காற்றே அறைக்குள் வந்து ஹீட்டரால் சூடேறும்போது வறண்ட காற்றாகிவிடுகிறது. தாகமுள்ளவனைப்போல் நம் தோலிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. தூத்துக்குடிக் கடற்காற்றில் வளர்ந்த முகம் இதை எப்படித் தாங்கும்?

மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தி வேறு மருந்து எழுதிக் கொடுத்து, சில வாரங்களுக்குக் கத்தியே வைக்கலாகாது என்றார். அதைச் சீட்டில் எழுதித் தந்தபடியால் வேலை தப்பியது.

மரத்தடியில் கற்ற பாடம்

மார்ச்சில் மறுபடியும் சவரம் செய்யத் துணிவில்லாமல், பேருந்து நிறுத்தத்தின் அருகே வேப்பமரத்தில் கண்ணாடி மாட்டித் தொழில் செய்துவந்த முதியவர் ஒருவரிடம் போய் அமர்ந்தேன். பீகாரிலிருந்து வந்தவர். அவர் கத்தியை எடுக்கவேயில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்திருந்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, என் முகத்தில் போர்த்திவிட்டுத் தம் பாட்டுக்குப் பீடி பற்றவைத்தார். நேரமாகிறது என்றேன். "பாபுஜி, முடிக்கு முதலில் தண்ணீர் குடிக்கக் கொடுக்க வேண்டும். தாகத்தோடிருக்கிற முடி கத்தியோடு சண்டை போடும்" என்றார் இந்தியில்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. உலர்ந்த தாடிமுடி விறைப்பானது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் அது நீரை உறிஞ்சி மென்மையாகிவிடும். சிறிய விசையிலேயே அறுபடும். அப்போது கத்தியை அழுத்த வேண்டிய அவசியமில்லை. அழுத்தாவிட்டால் தோலுக்குச் சேதமுமில்லை. நான் அவசரத்தில் மிச்சப்படுத்திய அந்த மூன்று நிமிடத்திற்காக, மூன்று மாதம் கிரயம் செலுத்தியிருந்தேன்!

ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடை உறையிலிருந்து பிரித்துப் போடும் வழக்கமும் அவரிடம் இருந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி என்னும் கிருமி, உடலுக்கு வெளியே ஏழு நாள்வரைகூட உயிரோடிருக்கக்கூடியது. எனவே எந்தக் கடையில் அமர்ந்தாலும் புதிய பிளேடு போடுவதைக் கண்ணால் கண்ட பின்பே முகத்தைக் கொடுப்பது நலம்.

அந்த வெந்நீர்த் துணியின் கீழே கண்மூடி இருந்தபோது அப்பாவின் நினைவு வந்தது. அவர் பள்ளி ஆசிரியர். விடியற்காலையில் அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வாங்கிவந்து, சன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து, தூரிகையால் நெடுநேரம் நுரை தடவிக்கொண்டேயிருப்பார். நுரை காதுவரை ஏறும். சிறுவனாகிய நான் அதை ஒரு விளையாட்டென்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் செய்ததும் இதேதான் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

டிசம்பர் 30

ஆண்டுகள் உருண்டன. அம்மா மறைந்த பின்பு அப்பா ஊரில் தனித்திருந்தார். 2018-இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் தளர்ந்தன, இடது கன்னம் தொய்ந்தது, பேச்சு குழறியது. முன்னமே சர்க்கரை நோயும் இருந்தது. மறு ஆண்டு அக்டோபரில் அவரைத் தில்லிக்கு அழைத்துவந்தோம். அப்போது மயூர் விகாரில் குடியிருந்தோம்.

அப்பா எதையும் கேட்கமாட்டார். சனிக்கிழமை மாலையில் மாத்திரம் வலக்கையால் தம் மோவாயைத் தடவிக் காட்டுவார். ஞாயிறு ஆராதனைக்கு மழிக்காத முகத்தோடு அவர் ஒருநாளும் போனதில்லை. வீட்டுக்கு வந்து சவரம் செய்துவிட்டுப் போகும் ஒருவரை அமர்த்தியிருந்தோம். டிசம்பர் கடைசியில் அவர் தம் ஊருக்குப் போய்விட்டார்.

ஆண்டிறுதி இரவு ஆராதனைக்காக 31-ஆம் தேதி விடுப்புப் பெற்றிருந்தேன். அதற்கு ஈடாக முந்தின நாள் விடியற்காலையிலேயே வேலைக்குப் போகவேண்டும். ஆகவே 30-ஆம் தேதி காலை ஐந்தரை மணிக்கு அப்பாவை எழுப்பி உட்காரவைத்தேன். 2019 டிசம்பர் 30-ஐத் தில்லிவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று சஃப்தர்ஜங்கில் பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். 1901 முதல் உள்ள பதிவுகளில், டிசம்பர் மாதத்திலேயே மிகக் குளிர்ந்த பகல் அது.

கீஸரில் நீர் சூடாகக் காத்திருக்கவில்லை. குழாய் நீரைக் கையில் அள்ளித் தடவினேன். அவருக்கென்று புதிய பிளேடு தேடவும் பொறுமையில்லாமல், நான் பத்து நாளாய்ப் பயன்படுத்திய ரேசரையே எடுத்தேன். வலக்கன்னம் ஒருவாறு முடிந்தது. தொய்ந்திருந்த இடது தாடையில், தோலை இழுத்துப் பிடிக்காமல் கத்தியை ஓட்டினேன்.

அந்தப் பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருந்தபடியால், வெட்டியது அப்பாவுக்குத் தெரியவில்லை. மார்பில் விரித்திருந்த வெள்ளைத் துவாலை சிவந்ததைக் கண்ட பின்பே அறிந்தார். இரத்தம் உறையாதிருக்க அவர் மாத்திரை உட்கொண்டுவந்தார். ஆகையால் சிறிய வெட்டுத்தான் என்றாலும் நிற்கவில்லை. நான் பதறி, ஒரு நிமிடத்திற்கொருதரம் துணியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மீண்டும் பெருகிற்று. என் மனைவி வந்து என்னை விலக்கி, துணியை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதன் பின்பே நின்றது. பாதி மழித்த முகத்தோடு அப்பாவைப் படுக்கவைத்துவிட்டு நான் வேலைக்கு ஓடினேன்.

மறுநாள் இரவு எல்லாரும் ஆயத்தமானோம். சக்கர நாற்காலியைக் கட்டிலருகே கொண்டுபோனேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கமாய்த் திருப்பிக்கொண்டார். நாற்பது ஆண்டு காலம் பிள்ளைகளுக்கு முன்பாகச் சுத்தமாய் நின்ற மனிதர், பாதித் தாடியோடு எவர் முன்பும் வர மனமில்லாதிருந்தார். நான் அவரோடு வீட்டிலேயே தங்கினேன். அவர் திரும்பவில்லை. அந்தப் புத்தாண்டு எங்கள் வீட்டில் அப்படிப் பிறந்தது.

வெயிலில் ஒரு மத்தியானம்

காயம் ஆறப் பத்து நாளுக்கும் மேலாயிற்று. சர்க்கரை நோயுள்ளவர்களின் தோல் எளிதில் வறளும், புண் தாமதித்தே ஆறும் என்று எங்கள் மருத்துவர் நினைவூட்டினார். மாத்திரையை ஒருபோதும் நாமாக நிறுத்தலாகாது, வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்த வேண்டும், இத்தகையோருக்கு மின்சவரக் கருவியே பாதுகாப்பானது என்றும் சொன்னார்.

கருவி வாங்கினேன். ஆனால் அப்பா அதன் ஓசையைக் கேட்டுத் தலையசைத்துவிட்டார். வலக்கையால் தூரிகை பிடிப்பதுபோல் காற்றில் வட்டமிட்டுக் காட்டினார். மருத்துவரிடம் மறுபடியும் கேட்டேன். புதிய பிளேடு, மிகுந்த நிதானம், அழுத்தமே கூடாது என்ற நிபந்தனைகளோடு சம்மதித்தார்.

2020 சனவரி 11, சனிக்கிழமை. வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டேன். காலையில் அல்ல, மத்தியானம் ஒரு மணிக்கு, மாடி முகப்பில் வெயில் விழும் இடத்தில் நாற்காலியைப் போட்டேன். வெந்நீரின் சூட்டை என் மணிக்கட்டின் உட்புறத்தில் பார்த்தேன். உணர்ச்சி குறைந்த கன்னத்திற்குச் சூடு தெரியாதல்லவா! துவாலையை நனைத்துப் பிழிந்து முகத்தில் போர்த்தி மூன்று நிமிடம் வைத்தேன். புட்டியில் உறைந்திருந்த தேங்காயெண்ணெயைச் சிறிது வழித்து உள்ளங்கையில் உருக்கித் தடவினேன். அதன்மேல் தூரிகையால் நுரை ஏற்றினேன். அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

இடது தாடையை அடைந்தபோது என் கை நடுங்கியது. அப்பா கண் திறந்து, வலக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முடி எந்தத் திசையில் வளர்கிறதோ அந்தத் திசையில், மேலிருந்து கீழாக, என் கையைத் தாமே மெல்ல நகர்த்தினார். "மெதுவா ஐயா, மெதுவா" என்றார். பல மாதங்களாய்க் குழறியிருந்த அவர் நாவில் அந்தச் சொற்கள் தெளிவாய் வந்தன. தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்து, சிறு சிறு இழுப்புகளாய், ஒவ்வோர் இழுப்புக்கும் பிளேடைக் கழுவி முடித்தேன். அரைமணி நேரமாயிற்று. ஒரு துளி இரத்தமில்லை. வெதுவெதுப்பான நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் உலருமுன் வாசனையில்லாத களிம்பைத் தடவினேன். கண்ணாடியைக் காட்டினேன். அப்பா இருபக்கமும் தடவிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலை அவரே நாற்காலியைச் சுட்டிக்காட்டினார்.

மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்து சவரக் கடைகள் யாவும் மூடப்பட்டபோது, தாடி வளர்ந்துபோயிற்றே என்று பலர் வருந்தினார்கள். எங்கள் வீட்டில் அந்தக் குறைவில்லை. வாரம் இரண்டு முறை மாடியில் எங்கள் வேலை நடந்துகொண்டிருந்தது.

வாசகர்களுக்கு

வடநாட்டுக் குளிரில் வாழும் சகோதரர்களுக்குச் சில வார்த்தைகள். குளித்தபின் சவரம் செய்யுங்கள். முடி அப்போது ஊறியிருக்கும். கொதிக்கும் நீர் வேண்டாம். அது தோலின் எண்ணெயைக் கழுவிவிடும். துணி துவைக்கும் சோப்பின் இனத்தைச் சேர்ந்த காரச் சோப்புகளைத் தவிர்த்து, சவரத்திற்கென்றே உள்ள களிம்பை நுரைக்கவிடுங்கள். முடி வளரும் திசையிலேயே கத்தியை ஓட்டுங்கள். ஐந்து முதல் ஏழு முறைக்குள் பிளேடை மாற்றுங்கள். ஒருவர் ரேசரை மற்றவர் தொடலாகாது. படிகாரம் சிறு கீறலில் இரத்தத்தை நிறுத்தும். ஆனால் முகமெங்கும் தேய்த்தால் வறட்சி மிகும். எரியும் சவரநீரைக் குளிர்காலத்திற்கு மூட்டை கட்டிவிடுங்கள். கிளிசரின் கலந்த களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ போதும். முடிந்தால் வெளியே புறப்படுவதற்கு அரைமணி முன்னரே முடித்துவிடுங்கள். இரவில் செய்வது இன்னும் நல்லது. நாள்தோறும் மழித்தே தீரவேண்டிய வேலையில்லாதவர்கள், முகத்திற்கு இடையிடையே ஒருநாள் ஓய்வு கொடுங்கள். வெடிப்பும் சிவப்பும் ஒரு வாரத்தில் மாறாவிட்டால் மருந்துக் கடைக்கல்ல, தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஊரிலிருந்து வயதான பெற்றோர் உங்களிடம் வந்திருப்பார்களானால், அவர்களுடைய ஸ்வெட்டரையும் காலுறையையும் பார்ப்பதோடு, முகத்தையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அவர்கள் வாய் திறந்து கேட்கமாட்டார்கள்.

2022 பிப்ரவரியில் அப்பா காலமானார். அன்று காலையிலும் குளிர் இருந்தது. பெட்டி வருவதற்குமுன், உறவினர் ஒருவர், "தண்ணீர் போதுமே, இனி எதற்கு வெந்நீர்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. என் மகன் அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்தான். துவாலையை நனைத்து மூன்று நிமிடம் வைத்தேன். அவசரம் ஒன்றுமில்லை.